பதக்கத்தில் குதிரை இருக்கிறது, கொள்ளுத்தாத்தா குதிரைப்படையா? (பஸ்ரா, முதல் உலகப் போர்)

ஆரணிப் பேத்தி

வணக்கம். என் அம்மாவின் தாத்தாவைப் பற்றித் தேடிக்கொண்டிருக்கிறேன். ஊர் ஆரணிக்குப் பக்கம். அவர் பெயரைச் சொன்னால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. "பட்டாளத்தார் வீடு" என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட கை நீட்டிக் காட்டும். வீடு இடிந்து வெகு நாளாகிறது, வெறும் மனைதான், ஆனாலும் அது பட்டாளத்தார் வீடுதான்.

முதல் உலகப் போருக்குப் போனவர். "பஸ்ராவுக்குப் போனார்" என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. எந்த வருடம் போனார், எந்தப் படை, எதுவும் தெரியாது. திரும்பி வந்து கல்யாணம் செய்துகொண்டு ஏழெட்டுப் பிள்ளைகள் பெற்று, 1958 வாக்கில் இறந்திருக்கிறார். அவருடைய கடைசி மகள், எனக்குச் சின்னப்பாட்டி, இப்போதும் இருக்கிறார். எண்பத்தெட்டு வயது. காதுதான் கேட்காது, கேள்வியை எழுதிக் காட்டினால் பதில் வந்துகொண்டே இருக்கும்.

அவர் சொன்னதில் எனக்கு மறக்காத ஒன்று: தாத்தா இருந்தவரை வீட்டுக்குள் பேரீச்சம்பழம் நுழையக் கூடாது. நோன்பு மாதத்தில் பாய் வீட்டிலிருந்து கஞ்சி வரும், கூடவே நாலு பழமும் வரும். கஞ்சியை வாங்கிக்கொண்டு பழத்தைத் திருப்பித் தந்துவிடுவாராம். ஏன் என்று கேட்டால், "மூணு வருசம் தின்னாச்சு, போதும்."

கையில் இருப்பது இவ்வளவுதான். ஒரு வட்டப் பதக்கம், ரிப்பன் இல்லை. ஒரு பக்கம் ராஜா தலை. மறுபக்கம் உடம்பில் துணியில்லாத ஓர் ஆள் குதிரைமேல் இருக்கிறான், கீழே மண்டையோடு மாதிரி ஏதோ. 1914, 1918 என்று இருக்கிறது. கறுத்துப் போயிருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா என்று யோசிக்கிறேன். அப்புறம் ஒரு குழுப் படம், பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் ஆட்கள் தலைப்பாகை கட்டவில்லை, உயரமாக உருண்டையாக ஒரு குல்லா போட்டிருக்கிறார்கள். தாத்தா அதில் எவர் என்பதில் வீட்டில் இரண்டு கட்சி.

மாமா அடித்துச் சொல்கிறார்: குதிரைப்படை, அதுவும் சுபேதார், அதனால்தான் பதக்கத்தில் குதிரை. சின்னப்பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. "மண்ணு வெட்டினேன், மரம் செமந்தேன், ஆத்துல படகு கட்டினேன்னுதான் சொல்வாரு. குதிர ஏறினதா ஒரு நாளும் சொன்னதில்ல." பென்ஷன் வாங்க ஆரணிக்கு நடந்து போவார், வரும்போது பொட்டுக்கடலையும் வெல்லமும் வாங்கி வருவார் என்பதும் அவர் சொன்னதுதான்.

ஓர் அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தேன், பதில் இல்லை. யாரைக் கேட்பது, என்ன கேட்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மாமா சொல்வது சரியா என்பதும் தெரிய வேண்டும், வீட்டில் விசேஷம் வருகிறது!

வெள்ளி வில்லை

அம்மா, முதலில் புளியைக் கீழே வையுங்கள். புளி, சாம்பல், கடையில் விற்கும் பாலிஷ் எதுவும் வேண்டாம். காரணம் கீழே சொல்கிறேன்.

நான் வேலூர்ப் பக்கம் பழைய பதக்கங்கள் சேர்க்கிறவன். நீங்கள் சொல்வது பிரிட்டிஷ் வார் மெடல். குதிரை மேல் இருப்பவர் புனித ஜார்ஜ். காலடியில் கிடப்பது பிரஷ்யாவின் கழுகுக் கேடயம், பக்கத்தில் மண்டையோடு. வில்லியம் மெக்மில்லன் என்ற சிற்பி வரைந்த வடிவம். லண்டன்காரர், ஆஸ்திரேலியாக்காரர், ஆரணிக்காரர் எல்லோருக்கும் இதே குதிரைதான். மாமாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

குதிரையைவிட உலோகத்தைப் பாருங்கள். ஆயுதம் ஏந்தும் பட்டாளத்தாருக்கு வெள்ளியில் கொடுத்தார்கள். படையோடு போன கூலிப்படையினர் பலருக்கு வெண்கலத்தில். ஒரே போர், ஒரே வெயில், பதக்கத்திலும் ஒரு படிக்கட்டு வைத்தான் வெள்ளைக்காரன். உங்களுடையது கறுத்திருக்கிறது என்பதால் வெள்ளியாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அதைவிடப் பெரிய விஷயம் ஓரத்தில் இருக்கிறது. பதக்கத்தை நாணயம் போல் நிமிர்த்திப் பிடித்து, அதன் விளிம்பைப் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கும் அங்கே பொறித்திருக்கும். தேய்க்க வேண்டாம் என்றது இதனால்தான். வருஷா வருஷம் பொங்கலுக்குத் துலக்கியே விளிம்பு மொழுக்கென்று ஆன பதக்கங்கள் என்னிடமே இருக்கின்றன, யாருடையது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

படிக்க முடியாவிட்டால் ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்தின் நிழல் விழும். அதுவும் ஆகாவிட்டால் மெல்லிய தாளை விளிம்பில் சுற்றி, பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாக உரசுங்கள்.

இன்னொன்று. இந்தப் பதக்கத்தோடு பெரும்பாலும் ஜோடியாக விக்டரி மெடல் வந்திருக்கும். இறக்கை வைத்த பெண் உருவம், வானவில் நிற ரிப்பன். அது வெண்கலம் என்பதால் அடகுக்கும் போகாது, உருக்கவும் மாட்டார்கள். பழைய பெட்டி, உறி, மாடப்பிறை எல்லாம் ஒருமுறை துழாவுங்கள். வெள்ளிதான் வழக்கமாகக் கொலுசாகிப் போகும். உங்கள் வீட்டில் தப்பியது அதிசயம்தான்.

ஆரணிப் பேத்தி

டார்ச் வேலை செய்தது! சின்னப்பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் படித்தேன். நாலு இலக்கத்தில் ஓர் எண். அப்புறம் எஸ்.பி.ஆர். என்று மூன்று எழுத்து. அப்புறம் பெயர், எங்கள் வீட்டில் சொல்கிற பெயர்தான், ஸ்பெல்லிங் மட்டும் விநோதம். கடைசியில் "2 க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்." எண்ணையும் பெயரையும் பொதுவில் போடவில்லை, மன்னிக்கவும்.

மாமா இப்போது "ரெண்டாவது குதிரைப்படை" என்கிறார்.

பழைய சாப்பர்

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாவிட்டால் சோறு இறங்காது. நானும் அந்தப் பட்டாளம்தான், அறுபது எழுபது வருஷம் தள்ளிச் சேர்ந்தவன்.

எஸ்.பி.ஆர். என்றால் சாப்பர். நம் படையில் சிப்பாய்க்கு அதுதான் பெயர். எஸ். அண்ட் எம். என்பது சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ். க்யூ.வி.ஓ. என்பது குயின் விக்டோரியாஸ் ஓன். முன்னால் இருக்கும் 2, கம்பெனி எண் இல்லை. அந்தக் காலத்தில் வங்காள சாப்பர்களுக்கு 1, மதராஸுக்கு 2, பம்பாய்க்கு 3 என்று வரிசை. ஆக உங்கள் கொள்ளுத்தாத்தா மதராஸ் சாப்பர். இன்றைக்கு மதராஸ் இன்ஜினியர் குரூப், பெங்களூரு, அல்சூர் ஏரிக்கரை. வட ஆற்காட்டிலிருந்து ரயிலேறிப் போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கணக்கே கிடையாது. எங்களை இன்றும் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள். படத்தில் இருக்கும் குல்லாவும் சேர்ந்து பேசுகிறது, தலைப்பாகை இல்லாத உருண்டைக் குல்லா எங்கள் அடையாளம்.

சின்னப்பாட்டி சொன்னதில் ஒரு வார்த்தை பிசகில்லை. சாப்பர் வேலை அதுதான் தாயி. பள்ளம் தோண்டுவது, ரோடு போடுவது, கிணறு வெட்டுவது, பாலம் கட்டுவது. எதிரி சுடும்போது அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் வித்தியாசம். துப்பாக்கியும் உண்டு, ஆனால் வீட்டுக்கு வந்து சொல்லும்போது மண்வெட்டிதான் ஞாபகம் வரும்.

"ஆத்துல படகு கட்டினேன்" என்ற இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1916 ஏப்ரல் 29ஆம் தேதி கூட் என்ற ஊரில் டவுன்ஷெண்ட் என்ற பிரிட்டிஷ் ஜெனரலின் படை பசியால் துருக்கியரிடம் சரணடைந்தது. அந்த அவமானத்தைக் கழுவ ஜெனரல் மாட் புதிதாகப் படை திரட்டினார். அதில் 14வது இந்திய டிவிஷன் ஒன்று. அதன் சாப்பர்களில் எங்கள் 12, 13வது கம்பெனிகள் இருந்தன. 1917 பிப்ரவரி 23 விடியற்காலை, கூட்டுக்கு மேலே ஷும்ரான் என்ற வளைவில் டைகிரிஸ் ஆற்றைக் கடந்தார்கள். ஆற்றில் வெள்ளம், அக்கரையில் துருக்கியரின் இயந்திரத் துப்பாக்கி. நார்ஃபோக் படையினரையும் கூர்க்காக்களையும் தோணியில் ஏற்றித் துடுப்புப் போட்டுக் கொண்டுபோனவர்களில் சாப்பர்களும் உண்டு. துடுப்புப் போடுகிறவன் திருப்பிச் சுட முடியாது. ஆள் இல்லாமல் ஆற்றோடு போன தோணிகள் இருந்தன. அப்படியும் அன்று மாலைக்குள் தோணிகளைக் கோத்துப் பாலம் போட்டுவிட்டார்கள். மார்ச் 11 பாக்தாத் விழுந்தது.

அவர் அந்த இரண்டு கம்பெனிகளில் ஒன்றில் இருந்தாரா? பதக்கம் அதைச் சொல்லாது. ஆகவே கல்யாணப் பத்திரிகையில் ஷும்ரான் வீரர் என்று அச்சடித்துவிடாதீர்கள். பஸ்ரா, மூணு வருஷம், ஆற்றுப் படகு மூன்றும் ஒத்துப்போகிறது, அவ்வளவே. பேரீச்சம்பழமும்தான். பஸ்ராவில் பார்க்கிற பக்கமெல்லாம் ஈச்சந்தோப்பு.

மாமாவையும் ஒரேயடியாகத் தள்ள வேண்டாம். விளிம்பில் இருப்பது போர்க்காலப் பதவி. சண்டைக்காக மட்டும் சேர்ந்து 1919, 1920ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. பென்ஷன் வாங்கினார் என்றால் ஒன்று நெடுங்காலம் சேவை செய்திருக்க வேண்டும், இல்லை காயத்துக்காகக் கொடுத்திருக்க வேண்டும். பாட்டியிடம் எழுதிக் கேளுங்கள், தாத்தா நொண்டினாரா, கையில் விரல் குறைவா, தழும்பு இருந்ததா? ஒன்றும் இல்லை என்றால் போருக்குப் பிறகும் பல வருஷம் இருந்திருக்கிறார், நாயக்கோ ஹவில்தாரோ ஆகியிருக்கலாம். சுபேதார் என்றால் ஊர் இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கும்!

எதைத் தேடுவது என்பதற்கு வருகிறேன். எங்கள் ஆபீஸ் பாஷையில் இரண்டு தாள்கள். ஒன்று ஷீட் ரோல், தனி ஆளுக்குரிய சேவைத் தாள். இன்னொன்று லாங் ரோல், சேர்ந்தவர்களை எண் வாரியாக எழுதிய பெரிய பேரேடு. அப்பா பெயர், கிராமம், தாலுகா, ஜாதி, சேர்ந்த தேதி, விலகிய தேதி என்று ஒரே வரியில் போகும். தனித் தாள்கள் காலப்போக்கில் கழிக்கப்பட்டிருக்கலாம். அதனால் லாங் ரோலைச் சொல்லியே கேளுங்கள். "என் தாத்தா வீரத்தைப் பற்றிய தகவல்" என்று எழுதினால் எந்தக் குமாஸ்தாவுக்கும் எந்த அலமாரியைத் திறப்பது என்று புரியாது. எண்ணைப் போட்டால் புரியும்.

தென்னாடு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பாரசீக எண்ணெய்க் குழாயைக் காப்பாற்ற வெள்ளைக்காரன் நடத்திய சண்டை அது. அதில் கூலிக்குப் போனதில் தேடிப் பெருமைப்பட என்ன இருக்கிறது?

ஆரணிப் பேத்தி

பெருமைக்கு என்று நான் எங்கும் எழுதவில்லையே. அவருடைய அப்பா படியாள். வருஷத்துக்கு இவ்வளவு படி நெல், மேலுக்கு ஒரு துணி, அதற்கு ஆயுசு முழுக்க ஒரே வீட்டு வாசல். பட்டாளத்தில் அப்போது சிப்பாய்க்கு மாதம் 11 ரூபாய், கையில் காசு. நீங்களாக இருந்தால் எண்ணெய்க் குழாய் யாருடையது என்று விசாரித்துவிட்டா சேர்ந்திருப்பீர்கள்?

அவர் பென்ஷனில்தான் எங்கள் தெருவில் முதல் ஓட்டு வீடு வந்தது. சின்னப்பாட்டி எட்டாவது வரை படித்தது அந்தக் காசில். எப்படிப் போனார், யார் கூப்பிட்டுப் போனார் என்று தெரிந்துகொள்ள நினைக்கிறேன், அவ்வளவுதான்.

பழைய சாப்பர் ஐயா, பாட்டியிடம் கேட்டேன். தழும்பு, ஊனம் எதுவும் இல்லையாம். "கடைசி வரைக்கும் நெட்டுக்குத்தா நடப்பாரு." இன்னொரு பெட்டியில் விக்டரி மெடல் கிடைக்கவில்லை, வெள்ளி வில்லை ஐயா. எட்டணாவுக்கு ஐஸ் வாங்கித் தின்றிருப்போம் என்று பெரியப்பா சிரிக்கிறார்.

பழைய சாப்பர்

தென்னாடு, ஒரு வார்த்தை. 1880களில் மதராஸ் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ், தென்னாட்டான் போருக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டினார். அதன் பிறகு மதராஸ் காலாட்படைகளை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். போர் முடிந்து பத்து வருஷத்துக்குள் மிச்சமிருந்ததும் போயிற்று. சாப்பர்கள் மட்டும் நின்றார்கள். ஊரில் கிணற்றடிக்கு விடாத ஜாதிகளிலிருந்து நிறையப் பேர் வந்து நின்ற படை அது. இதை வெள்ளைக்காரன் கணக்கில் மட்டும் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. சரி, விடுங்கள்.

பேத்தி, காயம் இல்லை என்றால் நெடுங்காலச் சேவை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தேம்ஸ் கரையோரம்

லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன், என் பங்குக்கு.

கம்பெனி எது என்று தெரிந்துவிட்டால் அதன் போர் நாட்குறிப்பைப் பார்க்கலாம். டபிள்யூ.ஓ. 95 என்ற வரிசையில் மெசபடோமிய (இன்றைய இராக்) படைகளுடையது இருக்கிறது. நிறைய ஸ்கேன் ஆகிவிட்டது, வீட்டிலிருந்தே தரவிறக்கலாம். தில்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் போர் நாட்குறிப்புகள் உண்டு, அவர்களுடைய அபிலேக் படல் தளத்தில் தேடிப் பாருங்கள்.

எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொண்டு திறவுங்கள். ஆங்கில அதிகாரிக்கு வயிற்றுவலி வந்தால் பெயரோடு எழுதுவார்கள். நம்மவர் செத்தால் "ஐ.ஓ.ஆர். 2" என்று இருக்கும், இந்தியச் சிப்பாய் இருவர் என்று அர்த்தம். ஆனாலும் அன்றைக்கு எங்கே முகாம், எத்தனை கஜம் ரோடு போட்டார்கள், ஆறு எவ்வளவு ஏறியது எல்லாம் இருக்கும். உங்கள் தாத்தாவின் ஒரு நாள் எப்படிப் போயிற்று என்று அதில் தெரியும்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் அவரைத் தேடி ஏமாற வேண்டாம். அது போரில் இறந்தவர்களுக்கு மட்டும். ஆனால் வேறு விதத்தில் உதவும். இறந்தவர்களில் பலருக்கு அப்பா பெயர், ஊர், தாலுகா குறித்திருக்கிறார்கள். ஆரணி, போளூர், வந்தவாசி என்று போட்டு, படைப்பிரிவுக்கு சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்று கொடுத்துத் தேடுங்கள். கூடப் போய்த் திரும்பாதவர்கள் கிடைக்கலாம். பஸ்ரா நினைவுச் சின்னத்தில் 40,000க்கு மேற்பட்டவர்களை நினைவுகூர்கிறார்கள். ஆனால் 1929ல் அதைத் திறந்தபோது, இந்தியச் சிப்பாய்கள் கல்லில் படைவாரியாக வெறும் எண்ணிக்கையாகத்தான் இருந்தார்கள், பெயரெல்லாம் புத்தகத்தில். அந்தச் சின்னத்தையே 1997ல் சதாம் உசேன் உத்தரவில் பிரித்து வேறு இடத்தில் கட்டினார்கள்.

பெயரை ஒரே ஸ்பெல்லிங்கில் தேடாதீர்கள். சாமி என்று முடிவதை நாலு விதமாக எழுதியிருப்பார்கள்.

பஞ்சாபிகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளை எடுத்து, சுமார் 3,20,000 பேர் விவரங்களை ஊர் வாரியாக 2021 முதல் இணையத்தில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். மதராஸ் மாகாணத்துக்கு அப்படி ஒன்று இதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

வெள்ளி வில்லை

ஊரில் கல்வெட்டு இருக்கிறதா பாருங்கள். போர் முடிந்ததும் ஆள் அனுப்பிய கிராமங்களில் சின்னதாகப் பளிங்குப் பலகை பதித்தார்கள். "இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 மகாயுத்தத்துக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தார்கள்" என்று ஆங்கிலத்தில் இருக்கும். பெயர் இருக்காது. பள்ளிக்கூடச் சுவர், சாவடி, பழைய கர்ணம் வீட்டுத் திண்ணை, இங்கெல்லாம் தேடுங்கள். வெள்ளையடித்து வெள்ளையடித்து எழுத்து மூடியிருக்கும்.

ஆரணிப் பேத்தி

சாவடிச் சுவரில் ஒரு பலகை இருக்கிறது! சின்ன வயதில் அதன்மேல் சாய்ந்துகொண்டுதான் பஸ்ஸுக்குக் காத்திருப்போம். சுண்ணாம்பு பாளம் பாளமாக இருக்கிறது, பஞ்சாயத்துத் தலைவரிடம் சொல்லிவிட்டு ஈரத்துணியால் ஊறவைத்துப் பார்க்கிறேன். கத்தி வைக்க மாட்டேன், வெள்ளி வில்லை ஐயா திட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரு மதராஸ் இன்ஜினியர் குரூப்புக்கு எழுத வேண்டிய கடிதம் எப்படி இருக்க வேண்டும், ஐயா?

பழைய சாப்பர்

ஒரே பக்கம், ஆங்கிலத்தில், டைப் அடித்து. கதை வேண்டாம். முதல் வரியில் எண், பதவி, பெயர், படை நான்கும் பதக்கத்தில் உள்ளபடியே, ஸ்பெல்லிங்கைத் திருத்தாமல். இரண்டாவது வரியில் அப்பா பெயர், கிராமம், அந்தக் காலத் தாலுகா, வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை மாவட்டம் என்று எழுதினால் பேரேட்டில் கிடைக்காது, அப்போது அப்படி ஒரு மாவட்டம் கிடையாது. மூன்றாவது, நீங்கள் அவருக்கு என்ன உறவு. நான்காவது, கேட்பது: லாங் ரோலில் இந்த எண்ணுக்குரிய பதிவின் நகல், பணியாற்றிய கம்பெனி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகும்போது பதவி. விளிம்பு எழுத்தைப் படம் எடுத்து இணையுங்கள்.

ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். ரெண்டு மாதம் பொறுத்தும் பதில் இல்லை என்றால் இதே கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரோடு அனுப்பலாம். அவருடைய பென்ஷன் புத்தகமோ, ஓரங்கிழிந்த ரசீதோ வீட்டில் கிடந்தால் அதில் இருக்கும் பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) எண்ணையும் சேர்த்துவிடுங்கள். கம்பெனி எண் வந்ததும் இங்கே போடுங்கள், லண்டன் தம்பி நாட்குறிப்பை எடுத்துக் கொடுப்பார்.